ஒல்லிப்பிச்சான் நின்ற இடம்

நாற்பத்திரண்டாவது ஆளும் செத்து முடித்ததும் கஜபதி தண்ணீர் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன்னால் நின்றபடியே, "மேடம், காலையிலேர்ந்து செத்துக்கிட்டே இருக்கேன், வீட்டுக்குப் போனதும் சுத்திப் போடச் சொல்லணும்" என்று சிரித்தார். இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஷாகுலும் சிரித்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஜெனோவா, சிரிக்காவிட்டால் நன்றாயிருக்காதே என்று சிரித்துவைத்தாள். இன்னும் ஒரே ஒருத்தன் பாக்கி. பட்டியலில் பதினொன்றாவதாக வரவேண்டியவன். அவள்தான் அவனை இருபதுக்குத் தள்ளி, முப்பதுக்குத் தள்ளி, சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசிக்கே தள்ளிவிட்டிருந்தாள். தள்ளினால் போய்விடுவானா என்ன? அங்கேயேதான் நிற்கிறான், தாளின் கடைசி வரியில், வில்லைப் பிடித்துக்கொண்டு. சாலிகிராமத்து வெயில் வெளியே மண்டையைப் பிளக்கிறது, இந்த டப்பிங் தியேட்டருக்குள் ஏசி போட்ட குளிரில் விரல் நுனி மரத்துப்போகிறது. மரத்துப்போனது குளிரினால்தானா என்று ஒரு நினைப்பு. கஜபதி மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் மைக் வழியாக இங்கே பெரிதாகக் கேட்டது. செத்தவருக்கு இவ்வளவு தாகமா என்று நினைத்தாள். சாமி, எதை நினைத்தாலும் இன்றைக்கு அங்கேயே போய் முட்டுகிறது.

மடியில் போன் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அனுப்பியவர் நந்தகோபால், அவளுடைய மேலதிகாரி. "ஜெனோ, ரீவைண்ட் பட்டன் முடிவாயிடுச்சு. இனிமே எவனும் ஆளைச் சாக விடமாட்டான், சாவு வசனத்தை யார் கேக்கப் போறாங்க? முக்கியமான பன்னிரண்டு பேருக்கு மட்டும் வெச்சுட்டு மத்ததை எடுத்துடலாமா? எழுதினது நீங்க, நீங்களே சொல்லுங்க. நாலு மணிக்குள்ள." நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது, கேட்டுவிட்டுத்தான் கழுத்தை அறுப்பார். 'ஏழாம் கோட்டை' என்கிற அந்தக் காலத்து வீடியோ கேமை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகப் புதுசாகச் செய்கிற வேலை அவர்கள் கம்பெனிக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. படம் புதுசு, இசை புதுசு, முதல் தடவையாகத் தமிழ்ப் பேச்சு. அந்தப் பேச்சு அத்தனையும் ஜெனோவா எழுதியது. கட்டம் கட்டமாகப் பிரித்த போர்க்களம். நம் ஆட்களை ஒவ்வொருத்தராக நகர்த்திவிட்டு 'முறை முடிந்தது' என்று அழுத்த வேண்டும், அப்புறம்தான் எதிரி நகர்வான். நாம் அழுத்துகிறவரை காத்திருப்பான், வாரமானாலும் சரி, வருஷமானாலும் சரி. தாயக்கட்டை உருட்டுகிற அதிர்ஷ்ட சமாச்சாரமெல்லாம் அதில் கிடையாது. அதே ஆளை அதே இடத்தில் வைத்தால் நூறு தடவையும் அதே முடிவுதான் வரும். பழைய ஆட்டத்தில் அழுத்தியதும் அது தானாகவே பதிந்துகொள்ளும். ஒருத்தன் செத்தால் செத்ததுதான், அடுத்த போரில் அவன் கூடாரம் காலியாக இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைத் தாங்க மாட்டார்களாம், அதற்காக ஒரு பொத்தான். அழுத்தினால் போன முறைக்கே திரும்பிவிடலாம், செத்தவன் எழுந்து நிற்பான். மூன்று மீட்டிங்கில் அவள் சண்டை போட்டாள். "இது அழுகுணி ஆட்டம் சார். செத்தா செத்ததுதான்னு இருந்தாத்தானே யோசிச்சு நகர்த்துவாங்க?" என்று குரல் உடையக் கத்தினாள். ஒரு பொத்தானுக்குப் போய் இந்தப் பெண் ஏன் இப்படி ஆடுகிறது என்று எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அழுகுணி ஆட்டம் என்பது அவள் சொல் இல்லை, தனிஸ் அண்ணன் சொல். ஸ்தனிஸ்லாஸ் என்று ஞானஸ்நானப் பெயர், அதை முழுசாகக் கூப்பிட்டவர் பங்குச் சாமியார் ஒருத்தர்தான். அவளைவிட ஒன்பது வயசு மூத்தவன். கப்பல் வேலைக்குப் போன புதிதில் சிங்கப்பூரில் பழசாக வாங்கிய அந்தக் கேம் பெட்டியைத் தூத்துக்குடி வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஏட்டி, இத நாம ரெண்டுபேருமாத்தான் முடிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒன்பது மாசம் கடலுக்குப் போனான். எப்படி முடிப்பதாம், பெட்டி இங்கே, அவன் அங்கே? அதற்கும் வழி வைத்திருந்தான். வரைபடத் தாளில் போர்க்களத்தை அப்படியே வரைந்து ஒன்றைத் தன் பயணப் பெட்டியிலும் ஒன்றை அவள் நோட்டிலும் வைத்தான். குறுக்கே எண், நெடுக்கே எழுத்து. இங்கிலீஷ் எழுத்துப் போட்டால் போனில் பி-யா டி-யா என்று தகராறு வருமாம், அதனால் க, ங, ச, ஞ, ட. கப்பல்காரன் புத்தி! பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஏதாவது துறைமுகத்திலிருந்து போன் வரும். அம்மாவிடம் இரண்டு வார்த்தை, அப்பாவிடம் ஒன்று, அப்புறம் போன் கார்டு தீர்கிறவரை ஆட்டம். "எதிரி என்ன செஞ்சான், சொல்லு." சொல்வாள். அவன் யோசிப்பான். பென்சில் தாளில் உரசுவது கேட்கும், மூக்கால் விடுகிற நீளமான மூச்சு கேட்கும், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு ஊரின் காற்று. "ஈட்டிக்காரன ங-6க்குக் கொண்டு போ. கெழவி அங்கயே இருக்கட்டும். ஒல்லிப்பிச்சான் ஒளிஞ்சுக்கட்டும்." ஒல்லிப்பிச்சான் என்பது அந்த வில்லாளிக்கு அவர்கள் வைத்த பெயர். காற்றடித்தால் விழுந்துவிடுவான் போல இருப்பான், ஆனால் அவன் அம்பு தப்பியதே இல்லை. அண்ணன் தங்கச்சிக்குள் நன்றாயிருக்கிறாயா, அழுதாயா, பயமாயிருக்கிறதா என்று கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அதையெல்லாம் ங-6லும் ட-4லும் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். அந்த மூச்சுச் சத்தத்துக்காக அவள் காத்திருந்த மாதிரி பிற்பாடு கட்டிக்கொண்டவனுக்காகக்கூடக் காத்திருந்ததில்லை.

"மேடம், ரெடி" என்றார் கஜபதி. தாளைத் தூரமாகப் பிடித்து வாசித்தார். "'நீங்க சொன்ன இடத்துலதான் நின்னேன்.' இவ்வளவுதானா? மத்தவனெல்லாம் தாய்நாடு, ராணி, சபதம்னு எவ்வளவு பேசிட்டுச் செத்தான்." ஷாகுல் கையைக் காட்டினான், சிவப்பு விளக்கு எரிந்தது, கஜபதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குரல் நடுங்க அதைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். ஜெனோவா தலையை ஆட்டினாள். "இவ்வளவு வேண்டாம் சார். வகுப்புல ஆஜர் சொல்ற மாதிரி சொல்லுங்க." மறுபடி விளக்கு. மறுபடி நீங்க சொன்ன இடத்துலதான் நின்னேன். இந்தத் தடவை கோபமாக. "கோபம் வேண்டாம்." மறுபடி. "யாருகிட்டமா சொல்றான் இவன்?" "நகர்த்தினவங்ககிட்ட." யார் நகர்த்தியது? அண்ணன் தெளிவாகச் சொன்னான், பாலம், ச-9, ஒல்லிப்பிச்சானைப் பாலத்தில் நிறுத்து, நிறுத்திவிட்டு முறையை முடி. அவள் நோட்டில் எழுதியும் வைத்தாள். போனை வைத்த பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தபோதுதான் குன்று கண்ணில் பட்டது. ட-4. உயரமான இடம், அங்கிருந்து அம்பு இன்னும் இரண்டு கட்டம் அதிகமாகப் போகும், அண்ணன் இதைக் கவனிக்கவில்லை, தாளில் உயரம் தெரியாதே. பதினாறு வயசு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் போன் பண்ணும்போது 'நானே யோசிச்சு வச்சேண்ணே, ஜெயிச்சுட்டோம்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதில் ஒரு தப்பும் இல்லை. குன்றில் வைத்தாள், அழுத்தினாள். குன்றுக்குப் பின்னாலிருந்து குதிரைக்காரன் வந்தான், இரண்டே குத்து. திரையில் இங்கிலீஷில் அந்த ஒரு வரி வந்தது. கீழே, பதிந்தாயிற்று என்று காட்டும் சின்ன மெழுகுவர்த்தி எரிந்து அணைந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து சாந்தோஸிலிருந்து போன். பிரேசிலாம், அங்கே நடுப்பகலாம். "என்னாச்சுட்டி?" குன்றில் வைத்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது இன்றைக்கும் அவளுக்குச் சத்தியமாகத் தெரியும், வாயைத் திறந்தது அதற்குத்தான். "பாலத்துல வச்சேண்ணே. செத்துட்டான்." எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? அதோடாவது விட்டாளா, பாவி. யாரும் கேட்காமலே, பொய்க்குச் சாட்சி நிறுத்துகிற மாதிரி, "நீங்க சொன்ன இடத்துலதான் நின்னேன்னு சொல்லிட்டுச் செத்தான்ணே" என்று சேர்த்தாள். மூச்சு கேட்கவில்லை. பென்சில் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு கிரேன் கிறீச்சிட்டது. "சரிட்டி" என்றான் அண்ணன். "என் தப்புதான்." அடுத்த தடவை போன் வந்தபோது பரீட்சையைப் பற்றிக் கேட்டான். அதற்கடுத்த தடவை அவளாக ஆட்டத்தை எடுத்தபோது, "இனி நீயே ஆடுட்டி. நான் சொன்னாச் செத்துப்போவானுவ" என்றான். விளையாட்டுக்குப் போய் இப்படியா கோபித்துக்கொள்வான் ஒரு மனுஷன் என்று அவளுக்கும் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் அவன் கப்பலையும் விட்டுவிட்டான்.

"மேடம், இது எப்படி?" ஷாகுல் ஆறாவதை ஓட்டிக் காட்டினான். நீங்க சொன்ன இடத்துலதான் நின்னேன். "இன்னும் ஒண்ணு" என்றாள்.  அண்ணனின் பெரிய மகன் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், நாலு வருஷத்துக்கு முன்னால், பிரியாணித் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்த மதினி பேச்சுவாக்கில் சொன்னாள். இன்னமும் தூக்கத்துல ஒங்க அண்ணன் 'அங்க நிக்காத, அங்க நிக்காத'ன்னு கத்துதாவ, கேட்டிருக்கியா? எதை? கேட்டதே இல்லை. சாந்தோஸ் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது கயிறு அறுந்து அடித்ததில் ஒடிசாக்கார மாலுமி ஒருத்தருக்குக் கால் முழங்காலோடு போய்விட்டது. கப்பலின் பின்பக்கத்துக்குப் பொறுப்பு மூன்றாம் ஆபீஸர், அதாவது அண்ணன். விசாரணையில் அந்த மனுஷன் படுக்கையிலிருந்தே, ஆபீஸர் சொன்ன இடத்துலதான் நின்னேன் என்று சொன்னாராம். யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், வேறென்ன சொல்ல முடியும்? அவர் குற்றமாகக்கூடச் சொல்லவில்லையாம், கேட்டதற்குப் பதில் சொன்னாராம். "என்னைக்கு மதினி நடந்தது?" என்று கேட்டாள். வருஷத்தைச் சொன்னாள், மாசத்தைச் சொன்னாள். ஜெனோவா தட்டை வைத்துவிட்டுப் போய்ப் பின்பக்கக் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவிக்கொண்டே இருந்தாள். விசாரணை முடிந்த அந்த வாரத்தில்தான், ஆறுதலாக ஒரு குரல் கேட்கலாம் என்று, வீட்டுக்கு, தங்கச்சிக்கு, ஒல்லிப்பிச்சானுக்குப் போன் பண்ணியிருக்கிறான். அவள் என்ன சொன்னாள்? இன்றைக்கு அவன் தூத்துக்குடி பைபாஸில் ஒரு எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறான். உப்பு லாரி தானாக வந்து நிற்கும், எடையைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். யாரையும் எங்கேயும் நில் என்று சொல்லத் தேவையில்லாத வேலையாகப் பார்த்துப் போயிருக்கிறான். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் பேசிக்கொள்வார்கள், சாப்பிட்டியா, பிள்ளைகள் எப்படி, சரி வைக்கட்டா. சொல்லிவிட வேண்டும் என்று நாலு வருஷமாக ஒவ்வொரு தடவையும் நினைத்து ஒவ்வொரு தடவையும் சரி வைக்கட்டாவோடு முடிந்துபோகிறது. இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு பொம்மையைப் பற்றி என்ன சொல்ல? அடப்போடி என்று சிரித்துவிட்டால் நல்லது. சிரிக்காவிட்டால்?

ஏழாவது தடவை கஜபதி எதுவுமே செய்யவில்லை. களைத்துப்போயிருந்தார், நாலரைக்கு வேறு எங்கேயோ சீரியல் டப்பிங் இருந்தது, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா சொன்னார். நீங்க சொன்ன இடத்துலதான் நின்னேன். கேட்டதற்குப் பதில். ஷாகுல் அவளைத் திரும்பிப் பார்த்தான், அவள் தலையசைத்தாள். "அதுதான் சார். அதேதான்." கஜபதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஷாகுல் அந்தத் துண்டை அவளுடைய லேப்டாப்புக்கு அனுப்பிவிட்டு டீ சொல்ல எழுந்தான். மணி மூன்று நாற்பது. லேப்டாப்பில் புது ஆட்டம் திறந்திருந்தது. சோதனை பார்ப்பதற்காக எந்தப் போரையும் எப்படி வேண்டுமானாலும் அடுக்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு வசதி உண்டு. பழைய நோட்டைப் பார்த்து, அந்தப் போரை அப்படியே அடுக்கி எட்டு மாசமாகிறது. ஈட்டிக்காரன் ங-6, கிழவி மதிலோரம், எதிரிகள் அத்தனை பேரும் அவரவர் கட்டத்தில். முறை முடிந்தது என்பதை மட்டும் அழுத்தவில்லை. எட்டு மாசமாக எதிரி காத்திருக்கிறான், பொறுமைசாலி. ஒல்லிப்பிச்சானைத் தொட்டு ட-4க்குக் கொண்டுபோனாள். புதுப் படத்தில் அவனுக்கு முகம் வந்திருந்தது, மீசை அரும்பு வந்திருந்தது. அழுத்தினாள். குன்றுக்குப் பின்னாலிருந்து குதிரைக்காரன் வந்தான், இரண்டே குத்து. அப்புறம் அந்தக் களைத்த குரல், சின்ன ஸ்பீக்கர் வழியாக. அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் விழுந்தான். திரையின் ஓரத்தில் அவள் மூன்று மீட்டிங்கில் சபித்த பொத்தான் சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது. விரல் அதன் மேல் போய் நின்றது. இதோ அழுத்தினால் எழுந்துவிடுவான், எதுவும் நடக்காத மாதிரி, எவ்வளவு சுலபம். அவனை எங்கே நிறுத்தினோம், அவன் என்ன சொன்னான் என்று காதில் வாங்காமலே அழுத்திவிடலாம் என்பதுதான் அவள் கோபமா? பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். நந்தகோபாலுக்கு எழுதினாள். "நாற்பத்து மூணு வசனமும் இருக்கட்டும் சார். ரீவைண்டும் இருக்கட்டும், இனிமே சண்டை போடமாட்டேன். ஆனா செத்தவன் சொல்றதை முழுசாக் கேட்டு முடிச்ச பிறகுதான் பட்டன் வேலை செய்யணும்." அனுப்பிவிட்டுத் தான் எழுதியதைத் தானே வாசித்தாள். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டாயிற்று. அவளுக்கு? இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணன் சொல்வதை அவள் எங்கே கேட்டாள், அவனுக்குக் கேட்க வேண்டியதை எங்கே சொன்னாள்? யோசித்தால் மறுபடி சரி வைக்கட்டாவில் போய் நிற்கும் என்று பயந்து, யோசிக்காமல் அவன் நம்பரைத் தொட்டாள்.

"என்னட்டி, இந்நேரம்? யாருக்கும் ஒண்ணுமில்லையே?" லாரி உறுமுகிற சத்தத்துக்கு நடுவில் அவன் குரல். "ஒண்ணுமில்லண்ணே. ஒல்லிப்பிச்சான ஞாபகம் இருக்கா?"  "ம்" என்றான். ஞாபகப்படுத்திப் பார்க்க அவன் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவள் நெஞ்சில் போய்க் குத்தியது. "அவன நான் பாலத்துல வைக்கலண்ணே. குன்றுல வச்சேன். ட-4. நீ சொன்ன இடத்துல அவன் நிக்கவே இல்ல. ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டாள். வாயிலிருந்து போனது போனதுதான், அதற்குப் பொத்தான் கிடையாது. லாரிச் சத்தம் நின்றது, அந்த நிசப்தத்தில் மூக்கால் விடுகிற நீளமான மூச்சு கேட்டது, பதினாறு வயசில் கேட்ட அதே மூச்சு. யோசிக்கிறான். எந்தத் தாளும் இல்லாமல் யோசிக்கிறான். "ட-4க்குப் பின்னால குதிரக்காரன்லா நிப்பான்" என்றான். "ஆமாண்ணே." "அதுக்குத்தானட்டி பாலம்னு சொன்னேன்." "ஆமாண்ணே." அவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. "மதினி சொன்னாவ, சாந்தோஸ்ல நடந்தத. நாலு வருசமாத் தெரியும். அப்பவும் சொல்லல நான். என்ன மன்னிச்சிருண்ணே." அவன் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. யாரோ டிரைவர் "அண்ணாச்சி, சீட்டு!" என்று சத்தம் போட்டார். "இரும்வே, அங்கயே நில்லும், கூப்பிடுதேன்" என்று அண்ணன் திருப்பிச் சத்தம் போட்டான். அந்தக் குரலை அவள் கேட்டு எத்தனை காலமாயிற்று. அப்புறம் போனுக்குள் தாழ்ந்து, "அந்தக் கேம் இப்ப ஒங்கிட்ட இருக்கா?" என்றான். "மடிலதான் இருக்குண்ணே. குன்றுல செத்துக் கெடக்கான்." "பாலத்துல வை." "அதுக்குப் பின்னால போகணும்ணே. அழுகுணி ஆட்டம்." "ஒரு தடவதானட்டி. போ." அவள் பொத்தானை அழுத்தினாள். ஒல்லிப்பிச்சான் எழுந்து, குன்றிலிருந்து பின்பக்கமாகவே இறங்கி, பழைய இடத்துக்கு வந்து நின்றான். அவனைப் பாலத்துக்குக் கொண்டுபோனாள். ச-9. "வச்சுட்டேன்." "மொறய முடி." முடித்தாள். குதிரைக்காரன் குன்றைச் சுற்றி வந்தான், அங்கே யாருமில்லை, திரும்பிப் பாலத்து முனைவரை வந்து எட்டாமல் நின்றான். இன்னொருத்தன் எறிந்த ஈட்டி பாலத்துக் கைப்பிடியில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. ஒவ்வொன்றையும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், அவன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தான், எதிரியின் முறை முடிந்தது. ஷாகுல் டீயோடு கதவைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"நிக்கானா?" என்று கேட்டான் அண்ணன்.

"நிக்கான்ணே."